பொட்டு இருந்த இடம்

2006 நவம்பர், செவ்வாய் இரவு

எனக்குக் கை தவறிவிட்டதாம். லண்டன் டூட்டிங் முதியோர் சங்கத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். தவறவில்லை. தெரிந்துதான் அறைந்தேன்.

நான் அறைந்தது, கோபம் தணிய முகத்தில் விரலால் தட்டிக்கொள்ளச் சொல்லித்தர வந்த பெண்ணை. "என்னைத் தொடாதையும் பிள்ளை" என்றேன். "ஒருக்காத் தட்டி விடுறன் அன்ரி, மனம் லேசாகும்" என்று என் புருவ நடுவில் தட்டினாள். என் கணவர் இறந்து பொட்டு அழிந்தபின் நான்கூட விரல் வைக்காத இடம். அறைந்ததில் அவளுடைய உதடு கிழிந்து மேசைவிரிப்பில் இரத்தம் சொட்டியது. மற்றவர்கள் என்னைப் பிடித்திராவிட்டால் இன்னொன்றும் கொடுத்திருப்பேன். உள்ளங்கை இன்னும் எரிகிறது.

கை தவறியது என்று எழுதித் தந்தால் தொடர்ந்து வரலாம் என்கிறார் செயலாளர். சங்கம் கூடும் செவ்வாயை விட்டால் நான் வாய் திறந்து பேச வேறு நாளில்லை. ஆனாலும் கன்னியர்மடப் பள்ளியில் படித்தவள் பொய்யில் கையெழுத்திட மாட்டாள். காலையில் அவருக்கு இதைத்தான் அனுப்புவேன்:

அறைந்தது நான். உதடு கிழிந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கை தவறவில்லை. அடுத்த செவ்வாய் நான் வரலாமா என்பதை எழுத்தில் அறியத்தாருங்கள்.