இரண்டாவது சாவி

திண்டுக்கல்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள ஹரிணி அப்பாவுக்கு,

மாலதி எழுதுகிறேன். ஹைதராபாத்தில் நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஹரிணிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டாள். நாளை பள்ளிக்கூடம் அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தோன்றும். போனில் நான் பாதி சொல்வதற்குள் உங்களுக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறீர்கள். இந்த விஷயத்துக்குக் கட்டைவிரல் போதாது.

பேங்கில் எனக்கு மெமோ கொடுத்தார்கள் என்று மட்டும்தான் சொன்னேன். நடந்தது இதுதான். எங்கள் வத்தலக்குண்டு கிளையில் பணம் வைக்கும் அறைக்கு இரண்டு சாவி. ஒன்று மேனேஜரிடம், மற்றது என்னிடம். இரண்டும் போட்டால்தான் கதவு திறக்கும். லீவு எடுப்பதென்றால் சாவியை ரெஜிஸ்டரில் எழுதி ஒப்படைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை எழும்போதே பிள்ளைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. மேனேஜருக்குப் போன் போட்டு லீவு சொல்லிவிட்டுக் கஞ்சி வைக்கப் போய்விட்டேன். சாவி என் கைப்பையில் கிடக்கிற நினைப்பே இல்லை. பதினான்கு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு நாளும் மறந்ததில்லை.

பத்து மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். அன்றைக்கு ஒன்றாம் தேதி, பென்ஷன்காரர்கள் வாசல் வரை நிற்கிறார்கள் என்றார். சாவியை வேறு ஆள் கையில் கொடுத்தனுப்பக் கூடாது, நான்தான் போக வேண்டும். பக்கத்து வீட்டுப் பாஸிலா அக்கா அன்று பார்த்துக் கொடைரோடு போயிருந்தார். நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலில் பிள்ளையை அந்தக் கூட்டப் பஸ்ஸில் எப்படி ஏற்றுவது? மருந்து கொடுத்தேன். தண்ணீர் பாட்டிலையும் பழைய போனையும் தலைமாட்டில் வைத்தேன். கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனேன்.

ஆமாம், பூட்டிக்கொண்டுதான் போனேன். ஏழு வயசுப் பிள்ளையை. திரும்பி வர ஒன்றே முக்கால் ஆகிவிட்டது.

பேங்க் வாசலில் பழனியம்மாள் என்ற அம்மா, "எம்புட்டு நேரமாத் தாயி நிக்கிறது, நீ ஆடி அசஞ்சு வார" என்று சத்தம் போட்டார். அதையாவது தாங்கிக்கொண்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மேனேஜர் சொன்னதும் அதே அம்மா என் கையைப் பிடித்து, "புள்ளைய யாரு பாத்துக்கிறா?" என்று கேட்டார். எங்க அக்கா இருக்கு என்று வாய் கூசாமல் சொன்னேன். எனக்கு ஏது அக்கா?

மெமோ விஷயம் கேட்டதும், "பேசாம வேலைய விட்ரு மாலதி, எதுக்கு இம்புட்டுக் கஷ்டம்" என்றீர்கள். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் எனக்கு ரொம்பக் கோபம் வந்தது. ஆபீசர் பிரமோஷனை, வெளியூர் போட்டுவிடுவார்கள் என்று இரண்டு தடவை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன். அதை நீங்கள் சொந்தக்காரர்களிடம் பெருமையாகவே சொல்லிக்கொண்டீர்கள். உங்களோடு வேலை செய்யும் முகேஷ்குமாரின் மனைவி கீர்த்தனா முந்தாநாள் பேசினாள். மதுரை ஆபீசுக்கு முதலில் உங்களைத்தான் கேட்டார்களாமே. ஒரு படி குறைந்த பதவி என்று மறுத்துவிட்டீர்களாமே. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம், மாதக் கடைசிவரை கேட்கலாமாம்.

சண்டை போட எனக்குத் தெம்பில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்தால் ராத்திரி படுக்கும்வரை நின்றுகொண்டே இருக்கிறேன். பஸ்ஸில்கூட உட்கார இடம் கிடைப்பதில்லை. அப்படியும் இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. விட மாட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை பன்னிரண்டரைக்கு, என் போன் கிடைக்காமல், அந்தப் பழைய போனில் நீங்கள் கூப்பிட்டீர்கள். அம்மா குளிக்கிறாங்க என்று ஹரிணி சொன்னாள். சரிடா, அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிட்டீர்கள். நான் அப்போது வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். வீட்டில் அவள் தனியாகத்தான் இருந்தாள். ஏன்டி பொய் சொன்னாய் என்று கேட்டேன். "நெசத்தச் சொன்னா அப்பா ஒன்னய வேலைய விடச் சொல்லுவாரும்மா" என்றாள். அதற்காக அவளை வைய வேண்டாம். நான்தான் அவளை அந்த நிலைமையில் வைத்தேன். நீங்களும்தான்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். இந்தக் கடிதம் கிடைத்ததும் எனக்குப் பதில் எழுத வேண்டாம். உங்கள் ஆபீசுக்கு எழுதுங்கள்.

உங்களை வீட்டில் எதிர்பார்க்கும்,
மாலதி