மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிறு

மச்சான்,

நேற்று மகளின் கல்யாணக் கூறைச்சேலை அருப்புக்கோட்டையிலிருந்து வந்தது. தறியிலிருந்து அறுத்த கையோடு கொண்டுவந்த சேலை. மடிப்பைப் பிரித்ததும் கஞ்சியும் சாயமும் கலந்த அந்த வாடை வீடெங்கும் பரவியது. மகள் ஆசையாக முகத்தில் ஒற்றிக்கொண்டாள். இத்தனை வருஷம் கழித்தும் அந்த வாடை என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் நம் ஊர் மாதா கோயில் தரையில் உட்கார வைத்துவிடுகிறது.

அப்போது யுத்தக் காலம். நூல் கிடைக்காமல் தறிகள் பாதி நாள் சும்மா கிடந்தன. அப்படியும் என் அய்யா நெசவாளர் வீட்டு வாசலில் பகலெல்லாம் நின்று எனக்கொரு கூறைச்சேலை வாங்கி வந்தார். அது வந்து சேர்ந்தது சனிக்கிழமை. மறுநாள் நமக்கு மூன்றாம் ஓலை.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முந்திய மூன்று ஞாயிறும் பூசையில் மாப்பிள்ளை பெண் பெயரை ஓலையாக வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபையைக் கேட்பார்கள். யாரும் வாய் திறந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. உபதேசியாரும் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். கேள்வியைக் கேட்ட மூச்சிலேயே அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவார்.

அன்றைக்கும் அப்படித்தான் வாசித்தார். பெண்கள் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். விரலிடுக்கில் புதுச்சேலை வாடை இன்னும் ஒட்டியிருந்தது. பக்கத்தில் உங்கள் ஆத்தா, என் அத்தை. நான் பிறந்தபோதே என்னைக் கையில் வாங்கி, "இது என் மருமக" என்று தன் அண்ணனிடம் சொல்லிவைத்தவள். புருஷனைச் சின்ன வயதில் பறிகொடுத்து, உங்களை ஒற்றைப் பிள்ளையாகக் கரிசல் காட்டில் களையெடுத்து வளர்த்தவள். என் பெயரை வாசித்ததும் அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"சாமி, தடை இருக்கு."

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். தெரிந்த குரல். எனக்குப் புரியவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். நீங்கள் எழுந்து நின்றுகொண்டிருந்தீர்கள்.

பீடத்தருகில் நின்ற சாமியார் திரும்பினார். "யாருக்குத் தடை?"

"எனக்குத்தான் சாமி. நான் வேற இடத்துல வாக்குக் குடுத்திட்டேன்."

என் அய்யா ஆட்களைத் தாண்டிக்கொண்டு உங்களிடம் வந்தார். "ஏலே, எவ அவ?"

"பொம்பளை இல்ல மாமா. சர்வேசுரனுக்கு."

அய்யா உங்களை அறைந்த சத்தம் சுவரில் பட்டுத் திரும்பியது. நீங்கள் கன்னத்தைக்கூடத் தொடவில்லை. அத்தை என் கையை விட்டுவிட்டு மார்பில் அடித்துக்கொண்டாள். "உன்னை ஒத்தையா வளத்தேனே! ஒத்தையா வளத்தேனே!" வேறு வார்த்தை வரவில்லை அவளுக்கு. நான் அழவில்லை. கட்டை போல உட்கார்ந்திருந்தேன். யாரோ என்னைத் தூக்கி நிறுத்தி வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். வழியெல்லாம் வெயில் அடித்தது என்று சொன்னார்கள். எனக்கு நினைவில்லை.

அன்று மதியமே நீங்கள் திருச்சுழி ரோட்டில் பஸ் ஏறிவிட்டீர்கள்.

நடந்தது என்னவென்று பிறகுதான் சாமியார் எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார். முந்திய வருஷம் பருத்தி வண்டியோடு போனபோது, பாலவனத்தம் பக்கம் புளியமரத்தடியில் ஒரு குஷ்டரோகி கிடந்திருக்கிறார். ஊரார் விரட்டிவிட்ட மனிதர். கூட வந்த வண்டிகள் ஒதுங்கிப் போய்விட, நீங்கள் அவரைப் பருத்தி மூட்டை மேல் படுக்க வைத்து, மதுரைக்கு அப்பால் மலையடிவாரத்தில் இருந்த நோயாளிகள் விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள். அங்கே முழங்காலில் நின்று, என் ஆயுசு இவர்களுக்கு என்று ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்தீர்கள். ஊருக்கு வந்து ஆத்தா முகத்தைப் பார்த்ததும் வாய் கட்டிப்போயிற்று. சாமியாரிடம் மட்டும் சொன்னீர்கள். ஆத்தாளிடம் பேசிவிட்டு முடிவு செய் என்று அவர் சொல்லியிருக்கிறார். நீங்கள் பேசவே இல்லை. சாமியாரும் நீங்கள் மனம் மாறிக் கல்யாணத்துக்கு இணங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

எனக்கு ஊரில் ஒரு பெயர் வந்தது. 'ஓலையில நின்னுபோன புள்ள.' கிணற்றடிக்குப் போனால் பேச்சு நிற்கும். இவளிடம் ஏதோ குறை, சாமி பேரைச் சொல்லித் தப்பித்துக்கொண்டான் என்று காதுபடச் சொன்னார்கள். ஆம்பளை இன்னொருத்தியை நினைத்துப் போயிருந்தால் அவளைத் திட்டித் தீர்த்திருப்பேன் மச்சான். கடவுளோடு யார் சண்டை போடுவது? நான் போட்டேன். செபம் சொல்ல உட்கார்ந்தால் பொறாமையில் பல்லைக் கடித்தேன்.

மழை பெய்தது. ஊரெல்லாம் ஏர் கட்டியபோது உங்கள் காடு மட்டும் உழவில்லாமல் கிடந்தது. அத்தை என் வீட்டு வாசலுக்கு வந்து, "நீ கூப்பிட்டா வருவான். எனக்காக ஒரு தடவ வா தாயி" என்றாள். அய்யா தடுத்தார். நான் கிளம்பிவிட்டேன். அவளுக்காகப் போகவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது.

பெட்ரோல் கிடைக்காத காலத்தில் கரி போட்டு ஓட்டின பஸ். மேடு வந்தால் இறங்கித் தள்ளினோம். விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது மேலெல்லாம் கரிப்புகை. அங்கே நான் கண்டது என்னை இரண்டாம் முறை அடித்துப் போட்டது. வேப்பமரத்தடியில் நீங்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரல்கள் கரைந்துபோன ஒரு பாதத்தை மடியில் வைத்துப் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள். ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே. நம் ஊரில் உங்களை அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

எங்களைக் கண்டதும் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தீர்கள். நான் சுற்றி வளைக்கவில்லை.

"என்னையப் பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு. அதான் பயம்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள். "உன்னையக் கட்டிக்கிட்டு மனசை இங்க வச்சிருந்தா உனக்கும் பாதி, ஆண்டவருக்கும் பாதி. பாதியைக் குடுக்க எனக்கு வரலை."

"அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? ஊரு கூடின எடத்துலதான் சொல்லணுமா?"

"தப்புதான். ஆத்தா மூஞ்சியப் பாத்து ஒவ்வொரு நாளும் தள்ளிப் போட்டேன். அன்னைக்கு உம் பேரை வாசிச்சப்ப, இதுக்கு மேல பேசாம இருந்தா பொய்யைத்தான் உன் கழுத்துல கட்டப்போறேன்னு தோணுச்சு. எந்திரிச்சிட்டேன். மன்னிச்சிரு."

மன்னித்தேன் என்று நான் சொல்லவில்லை. அத்தை உங்கள் காலில் விழப்போனாள். நீங்கள் முந்திக்கொண்டு அவள் காலில் விழுந்தீர்கள். இருவரும் மண்ணில் கிடந்து அழுததைப் பார்க்க முடியாமல் நான் திரும்பிக்கொண்டேன்.

"வந்துருய்யா. காடு கெடக்கு. நான் கெடக்கேன்."

"வர ஏலாது ஆத்தா. நீ வேணா எங்கூட இங்க வந்து இரு."

"இந்த எடத்துலயா? உன் சாமிக்கு என் ஒத்தப் பிள்ளைதானா கெடச்சான்?"

அத்தைக்கு மயக்கம் வந்தது. அப்போது நோயாளிப் பெண் ஒருத்தி, விரலில்லாத இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் ஒரு குவளையை இடுக்கிக்கொண்டு மெல்ல வந்தாள். "குடி தாயி. நல்ல தண்ணிதான்" என்றாள். அத்தை அந்தக் கையைப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குவளை நீட்டியபடியே நின்றது. கடைசியில் நீங்கள் அதை வாங்கி, அந்தப் பெண் முகம் வாடாமல் இருக்க, நீங்களே குடித்தீர்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பாலவனத்தம் தாண்டியதும் திடீரென்று அழுதாள். "குடிச்சிருக்கலாம்ல. நீட்டுன கை அப்படியே நின்னுச்சே" என்றாள்.

அடுத்த கோடை முடியுமுன் அவள் காட்டை வாரத்துக்கு விட்டு, வீட்டைப் பூட்டி, சாவியை என் அய்யா கையில் கொடுத்தாள். "சாமிக்காகப் போகலை அண்ணே. என் பிள்ளைக்காகப் போறேன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். அங்கே அடுப்படியைப் பிடித்துக்கொண்டாள் என்று கேள்விப்பட்டேன். குவளை நீட்டிய அந்தப் பெண்ணுக்குக் கடைசி வரையில் கஞ்சி ஊட்டியவள் அவள்தானாம். ஒரு ஐப்பசியில் அங்கேயே கண்ணை மூடினாள்.

எனக்கும் கல்யாணம் நடந்தது. வந்தவர் என் கதை தெரிந்தே வந்தார். வாழ்நாளில் ஒரு சொல் குத்திப் பேசாத மனிதர்.

சுதந்திரம் வந்த மறு கோடையில், இடுப்பில் பிள்ளையோடு அடுப்பில் சோளக்களி கிண்டிக்கொண்டிருந்தேன். உபதேசியார் வாசலில் நின்று, "விடுதியில வாந்திபேதி. அவுக போயிட்டாக" என்றார். யார் என்று கேட்கவில்லை. துடுப்பு கையிலேயே நின்றது. முப்பதைத் தாண்டிச் சில வருஷம்கூட ஆகாத ஆள். நோயாளிகளுக்கே உழைத்தவரை ஒரே பகலில் கொண்டுபோன நோயை நினைத்து, அதை வர விட்ட கடவுளை நினைத்து, திகைத்து நின்றேன். என் வீட்டுக்காரர் உள்ளே வந்து அடுப்பை அணைத்தார். "கெளம்பு. நானும் வாரேன்" என்றார்.

உங்களைப் புதைத்ததைச் சொல்கிறேன், நீங்கள் பார்த்திருக்க முடியாது. குழியில் இறக்கியதும் விடுதி ஆட்கள் மண் தள்ள மண்வெட்டியோடு வந்தார்கள். நோயாளிகள் விடவில்லை. வரிசையாக மண்டியிட்டு, விரலில்லாத கைகளைக் குவித்து, மண்ணை வாரி வாரிப் போட்டார்கள். பாதி மண் வழியிலேயே சிந்தியது. மறுபடி வாரினார்கள். வெயில் சாயும் வரை ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை. நானும் அவர்களுக்கு நடுவில் மண்டியிட்டேன். அன்றைக்குத்தான் மச்சான், நான் உங்களை மன்னித்தது. வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்திலிருந்த கிழவர் நான் செபம் சொல்கிறேன் என்று நினைத்து, ஆமென் என்றார்.

உங்களைப் போல என்னால் முடியவில்லை. என் மனசு இன்றும் துண்டு துண்டாகத்தான் கிடக்கிறது. பிள்ளைகளுக்கு ஒரு துண்டு, காட்டுக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று, மழை வருமா என்ற கவலைக்கு ஒன்று. அதில் குற்றமில்லை என்று சாமியார் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் சாயங்காலம் வீட்டில் எல்லாரும் சேர்ந்து செபம் சொல்லும்போது, முழு இருதயத்தோடு உம்மை நேசிக்கிறேன் என்று ஒரு வரி வரும். பிள்ளைகள் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போவார்கள். அந்த இடத்தில் எனக்கு மட்டும் வாய் நின்றுவிடும். சொல்லாமல் தாண்ட மனம் வராது. சொல்லவும் துணிச்சல் வராது. அடுத்த வரியில் அவர்களோடு சேர்ந்துகொள்வேன்.