காதில் மாட்டிய கருவிக்குத் தமிழ் தெரியும்

என்னங்க,

நான் சௌக்கியம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? பாப்பா அழாமல் பள்ளிக்கூடம் போகிறாளா?

இங்கே கிடங்கில் ஒரு கூத்து நடந்தது. எந்த அலமாரியில் எந்தப் பெட்டியை எடுப்பது என்று என் காதில் மாட்டிய கருவிதான் சொல்லும். அலமாரியில் ஒட்டியிருக்கும் எண்ணை நான் வாசித்தால்தான் அடுத்த வேலையைத் தரும். சேர்ந்த அன்று, அதற்கு என் குரலைப் பழக்க எண்களை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார்கள். பதற்றத்தில் எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்லித் தொலைத்துவிட்டேன். அதுவும் மறுபேச்சில்லாமல் கற்றுக்கொண்டது. ஐந்து மாதமாக யாருக்கும் தெரியாது.

நேற்று மேற்பார்வையாளர் பின்னால் வந்து நின்றுவிட்டார். “யார்கூடம்மா பேசிட்டிருக்க?” என்றார். வேலை போச்சு என்றே நினைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் மனிதர் ஒரு பெட்டி மேலேயே உட்கார்ந்து சிரித்தார். “உன் கணக்குல இதுவரைக்கும் ஒரு பெட்டிகூட மாறல. அப்படியே இருக்கட்டும்.” இன்று காலை இன்னும் மூன்று பேர் அவரவர் மொழியில் கருவிக்குப் பாடம் எடுத்துவிட்டார்கள். எங்கள் வரிசை சந்தைக்கடை மாதிரி இருக்கிறது. எனக்குச் சிரித்து வயிறு வலிக்கிறது.

ஒரு சின்ன வேலை. பாப்பா எண்ணும்போது ஆறிலிருந்து எட்டுக்குத் தாவுவாளே, திருத்திவிடாதீர்கள். அப்படியே பதிவு செய்து அனுப்புங்கள். நாள் முழுக்க நான் தமிழில் எண்ணுகிறேன். அந்தக் கருவி பதிலுக்குத் தமிழில் ஒரு வார்த்தை பேசாது.

பேருந்து வந்துவிட்டது.

பாப்பாவின் அம்மா