உங்கள் கையில் பிழை இருக்கவில்லை, அத்தான்

பிரியத்தோடும் கொஞ்சம் பொறாமையோடும் நான் அத்தான் என்று அழைத்தவருக்கு,

வருகிற வெள்ளிக்கிழமை உங்களுக்குத் தலைத்திவசம். அக்கா திருவனந்தபுரத்தில், ஆரியசாலையில் எங்களோடுதான் இருக்கிறாள். உங்கள் தைலக் குப்பியை அவள் இன்னும் எறியவில்லை. மாடக்குழியில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

தந்திக்காரர்களின் கையெழுத்துப் பத்திரிகைக்கு உங்களைப் பற்றி நாலு வரி கேட்டார்கள். நாலு வரியில் அடங்குகிற விஷயமா இது? நம் ஆட்கள் எல்லோரும் படிக்கட்டும் என்று உங்களுக்கே எழுதுகிறேன்.

உங்கள் கையைப் பற்றி அவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். எத்தனை மைலுக்கு அப்பாலிருந்து வந்தாலும், தந்தி தட்டும் கீயில் உங்கள் கை விழுந்ததும் இது இன்னார் என்று தெரிந்துவிடும். புள்ளி புள்ளியாகவும் கோடு கோடாகவும் அவ்வளவு சுத்தமாக விழும். அந்தக் கையை நீங்கள் வைத்துக்கொண்டு பண்ணிய அலட்டலும் கொஞ்சமா? வாளி தூக்க மாட்டீர்கள், குடை பிடிக்க மாட்டீர்கள். கல்யாணத்தன்று அக்காவின் கையைப் பிடிக்கச் சொன்னபோது இடது கையை நீட்டிச் சாஸ்திரிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டீர்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தந்திக்காரனுக்கு மணிக்கட்டு போனால் எல்லாம் போயிற்று என்று நானும் அந்த வேலைக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

சென்ற ஆண்டு சித்திரையில் உங்களை ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம் மாற்றினார்கள். நீங்கள் அந்த முனையில், நான் திருவனந்தபுரத்தில் இந்த முனையில். ஒரே கம்பியில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தந்தி ஓடும். என் பக்கத்தில் ஒருவர் அனுப்பிக்கொண்டிருப்பார், நீங்கள் அனுப்புவதை நான் கேட்டு எழுதுவேன். இரண்டும் ஒன்றோடொன்று கலக்காமல் காலையில் பேலன்ஸ் பார்த்து வைப்பதும் என் பொறுப்புதான். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே கூடுதல் புள்ளிகள் விழ ஆரம்பித்தன. வேண்டாத இடத்தில் ஒரு சின்னத் தட்டல். திரும்ப அனுப்பச் சொல்வேன், திரும்பவும் அதே கதை. அத்தானுக்கு மணிக்கட்டு போய்விட்டது என்று நினைத்துவிட்டேன். வேறு எதையும் யோசிக்கவே இல்லை. மூன்று மாதம் பொறுத்தேன், பிறகு மேலதிகாரிக்கு எழுதினேன். உறவுக்காரன் என்று மறைத்தான் என்ற பேர் வந்துவிடக் கூடாதே என்று, தேவைக்கு மேலேயே அழுத்தி எழுதினேன்.

உங்களைக் கீயிலிருந்து எடுத்து ஜன்னலோரத்தில் தந்திப் படிவம் வாங்கிவைக்கும் வேலையில் போட்டார்கள். நீங்கள் யாரையும் ஏசவில்லை. வைத்தியரிடம் போய்த் தைலம் வாங்கி வந்தீர்கள். லீவு போட்டு வந்த நாட்களிலெல்லாம் அக்கா சாயங்காலமானால் உங்கள் கையை மடியில் வைத்துத் தேய்த்துவிடுவாள்.

ஓணத்துக்கு வந்திருந்தபோது நடந்ததுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. சாப்பிட்டு எழுந்தபின் என்னை மட்டும் கூப்பிட்டு உட்காரவைத்தீர்கள். பித்தளை டம்ளரைக் கவிழ்த்து, ஸ்பூனின் காம்பால் அதன்மேல் தட்டினீர்கள். அக்காவின் பெயரை, என் பெயரை, ஊர்களின் பெயர்களையெல்லாம் தட்டினீர்கள்.

"கேட்டுச் சொல்லு மாப்பிளே. கூடுதலா ஏதாவது விழுதா?"

விழவில்லை. மழை ஓய்ந்த முற்றம் போல அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஆனால் நான் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட் ஆபீஸில் இருந்தது. இல்லை என்று சொன்னால் நான் எழுதியது என்ன ஆகும்? என் காதைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

"கொஞ்சம் விழத்தான் செய்யுது அத்தான்" என்றேன்.

நீங்கள் ஸ்பூனை டம்ளருக்குள் போட்டுவிட்டு, அப்படியா என்று மட்டும் கேட்டீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் விரலால்கூட எதிலும் தட்டி நான் பார்க்கவில்லை. கார்த்திகையில் காய்ச்சல் வந்தது, எட்டு நாளில் போய்விட்டீர்கள். கை போன தந்திக்காரன் என்றே நினைத்துக்கொண்டு போனீர்கள்.

உங்களுக்குப் பிறகு அங்கே உட்கார்ந்த கற்றுக்குட்டிப் பையன்களின் தந்தியிலும் புள்ளி விழுந்தது, பழகாத கை என்று விட்டுவிட்டேன். போன மாதம் உங்கள் நாற்காலிக்கு ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண் வந்தாள். நல்ல கை என்று பேர் வாங்கியவள். அவள் அனுப்புவதிலும் அதே கூடுதல் புள்ளி விழுந்தது. இரண்டு பேருக்கும் ஒரே வியாதியா? லைன் மெக்கானிக்கை வரவழைத்தேன்.

அவர் மலையாளி, பேச்சுக் குறைவு. அந்த முனையை ஒன்றும் அனுப்பாமல் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, நம் கீயைத் தானே படபடவென்று தட்டினார். அவர் தட்டத் தட்ட, வரும் தந்தியை ஒலிக்கும் நம் சவுண்டரே பதிலுக்கு டிக் டிக் என்றது.

"அது அவிடேந்நு வருந்நதல்ல சாரே. இது நம்முடெ தன்னே." அங்கிருந்து வரவில்லை, நம்முடையதேதான்.

நாம் அனுப்பும் மின்சாரம் இரண்டாகப் பிரிகிறது. பாதி வெளிக்கம்பிக்குப் போகிறது, பாதி வெளிக்கம்பிக்கு நகலாக அறைக்குள் வைத்திருக்கும் பொய்க்கம்பிக்குப் போகிறது. இரண்டும் சமமாக இருந்தால், சவுண்டரைத் தட்டவைக்கும் நம் ரிலே நாம் அனுப்புவதைக் கண்டுகொள்ளாது, எதிர்முனையை மட்டுமே கேட்கும். அதே சித்திரையில்தான் கோட்டைப் பக்கம் தூண்களை எடுத்துவிட்டுக் கம்பியை மண்ணுக்குள் கேபிளாகப் போட்டார்கள். கேபிள் பசித்த பிள்ளை மாதிரி. கீ அழுந்தியதும் ஒரு வாய் மின்சாரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், கீயை விட்டதும் கக்கும். பொய்க்கம்பியும் அதே அளவு வாங்கிக் கக்க வேண்டும். அதற்குத்தான் கண்டென்சர், மெழுகுத்தாளையும் வெள்ளீயத்தாளையும் மாற்றி மாற்றி அடுக்கிய அந்த மரப்பெட்டி.

கேபிளின் பசி கூடியது, பெட்டியில் நான் கூட்டவில்லை. 'தொடக்கூடாது' என்று பழைய இன்ஸ்பெக்டர் ஒட்டிய சீட்டுக்கு மரியாதை கொடுத்தேன். காலையில் பேலன்ஸ் பார்க்கும்போது கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிறகுதான் மீட்டரின் முள்ளைப் பார்ப்பேன். முள் அசையாமல் நிற்கும். நிற்காமல் என்ன செய்யும்? கண்டென்சர் தொடங்கும்போதும் முடியும்போதும் மட்டும்தான் பேசும், இடையில் வாயைத் திறக்காது. அழுத்திய அந்தக் கணத்தில் முள் துள்ளியதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. என் பக்கத்து ஆள் தட்டியதன் துள்ளலைத்தான் உங்கள் கை நடுக்கம் என்று எழுதினேன்.

மெக்கானிக் பெட்டியில் இரண்டு பிளக்குகளை மாற்றிச் செருகினார். டிக் டிக் நின்றது. அரை நிமிஷம் ஆகியிருக்குமா அத்தான்? அந்த அரை நிமிஷத்தை நான் உங்களுக்குக் கொடுக்கவில்லை.

அதுகூடத் தெரியாமல் செய்தது. ஓணத்தன்று டம்ளரில் கேபிளும் இல்லை, கண்டென்சரும் இல்லை. அங்கே நான் தெரிந்தே சொன்னேன். அதற்கு எந்தப் பெட்டியைக் குற்றம் சொல்வேன்?

இன்று காலை மேலதிகாரிக்கு எழுதிவிட்டேன். பிழை என்னுடையது, இதை உங்கள் சர்வீஸ் புத்தகத்தில் வைக்க வேண்டும் என்று என் பெயரிலேயே எழுதினேன். அது எளிதாகத்தான் இருந்தது. பாக்கி இருப்பது அக்கா. நோயே இல்லாத கைக்கு அத்தனை நாள் தைலம் தேய்த்தாள் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் என்னோடு பேசாமல் போனாலும் போகட்டும். வெள்ளிக்கிழமை, அவள் கையால் ஒரு பிடிச் சோறு வாங்கும் முன்பே சொல்லிவிடுவேன். இது சத்தியம்.

சொல்லிவிட்டு அந்தப் பித்தளை டம்ளரை உங்கள் படத்துக்கு முன் கவிழ்த்து வைப்பேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு அதன்மேல் தட்டிப் பதில் சொல்வேன்: சுத்தமா விழுது அத்தான், ஒரு புள்ளிகூடக் கூடுதல் இல்லை.

உங்கள் கையைக் கேட்டும் கேளாதவனாக இருந்த,
உங்கள் மச்சினன்