முறுக்கிய இறக்கை

அன்புள்ள அம்மா,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்வதற்குள் வாங்கி வைத்துக்கொள்.

இன்று காலை பட்டறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக, மாதிரி விமானம் ஒன்றுக்கு நான் துணி போர்த்திய இறக்கையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். ஒரு முனை முறுக்கிக்கொண்டிருந்தது. துணியை இறுக்கப் பூசும் டோப் காயும்வரை இறக்கையைப் பலகையில் ஊசி குத்திப் பிடித்து வைக்க வேண்டும். நேற்று நான் கிளம்பியபின் முதலாளி ஊசிகளைப் பிடுங்கிவிட்டார். பலகை வேறு வேலைக்கு வேண்டுமாம்.

வாடிக்கையாளர் வந்து முறுக்கலைப் பார்த்ததும் முதலாளி பழியை என்மேல் போட்டு, "இந்தம்மாவுக்கு எப்பவும் அவசரம் சார்," என்று சிரித்தார். வாடிக்கையாளர் போனதும் அவரிடம் கேட்டேன்.

"ஊசியை எடுத்தது நீங்கதானே?"

"அதை விடும்மா. சூடு காட்டி நிமிர்த்திக் குடுத்துடு. நாளைக்குப் பறக்க விடுறாங்க."

"வெயில் பட்டா திரும்ப முறுக்கிக்கும். வேடிக்கை பாக்கிற பிள்ளைங்க மேல விழும்."

"விழுந்தா நீ போய்த் தாங்கிப் பிடி."

சின்ன விஷயம்தான், நீ கவலைப்படாதே. ஆனால் படித்தவள் வாயைத் திறக்கமாட்டாள் என்று இவருக்கு யார் சொன்னது?

கை துடைக்க உன் பழைய பருத்திப் புடவை ஒன்று அனுப்பு. அதை நான் கிழிக்கமாட்டேன் என்று உனக்கே தெரியும்.

பேருந்து வந்துவிட்டது, முடிக்கிறேன். பட்டறைச் சாவி என்னிடம் இருக்கிறது. நாளை அவர் வருவதற்குள் அந்த இறக்கையின் துணியைப் பிளேடால் கீறி, உள்ளே இருக்கும் மரச்சட்டம் எலும்பாகத் தெரிய உரித்து வைத்துவிடுவேன். இதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

உன் மகள்