தம்பி ஊர் வெயில்

டிசம்பர் 16, செவ்வாய். ஹம் நகரம்.

அப்பாவை நினைத்தால் கோபமும் இரக்கமும் சேர்ந்தே வருகின்றன.

தம்பி ஆஸ்திரேலியாவில் தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்ததிலிருந்து அப்பா அவனோடு பேசுவதில்லை. ஆனால் அவன் இருக்கும் சிற்றூரின் தொலைக்காட்சிச் செய்தியைத் தினமும் காலையில் இணையத்தில் பார்ப்பார், வானிலைக்காக மட்டும். "இண்டைக்கு அங்க மழை," என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு சைக்கிளில் வேலைக்குப் போவார்.

இந்த வருடம் அந்தத் தொலைக்காட்சி தலைகீழாகிவிட்டது. முதலில், பல வருடமாகச் செய்தி வாசித்தவர் ஓய்வு பெற்றார். பிறகு ஊர் நிலையத்தை மூடினார்கள். இப்போது சிட்னியிலிருந்து எல்லா ஊருக்கும் ஒரே செய்திதான். வரைபடத்தில் தம்பியின் ஊரே இல்லை.

"விசரங்கள்!" என்று அப்பா ஒரு கிழமையாகத் திட்டினார். இன்று காலை என் கைபேசியைக் கொண்டுவந்து நீட்டினார்.

"அவனுக்கு எடு. அங்க வெயில் எப்பிடியெண்டு கேள். நான் கேட்டதெண்டு சொல்லாத."

நான் என்ன, இவர்களுக்குத் தபால்காரியா? இருந்தாலும் எடுத்தேன். அப்பாவுக்குக் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன். வெயில் எப்படி என்று தம்பியிடம் கேட்டேன்.

"இங்க நெருப்பாய் எரிக்குது அக்கா. ஹம்மில நாளைக்கு விடிய றோட்டெல்லாம் ஐஸ் பிடிக்குமாம். அப்பாவை பஸ்ஸில போகச் சொல்லு."

அப்பா வேலைக்குப் புறப்பட்டுவிட்டார். இரவு சாப்பிட்டதும் சைக்கிளை உருட்டிக்கொண்டுபோய் நிலவறையில் வைத்துப் பூட்டினார். எத்தனை பனிக்காலம் நான் கெஞ்சியும் விடாத சைக்கிள்.