உடம்புக்கு இன்னும் தெரியவில்லை

ஹமா,
ஏப்ரல் மாதம்.

அன்புள்ள லமீஸ் அக்காவுக்கு,

அந்தக் குளிர் தேசத்தில் உங்களையும் பிள்ளைகளையும் இறைவன் நோய்நொடி அண்டாமல் வைத்திருக்கட்டும்.

“இத்தனை வருஷம் ஜெயில்ல கெடந்துட்டு உயிரோட வந்திருக்கான். அவன் வந்ததும் நீ அண்ணன் வீட்டுக்குப் பொட்டியக் கட்டிட்டியா?” என்று போனில் கேட்டீர்கள். தம்பி மேல் உள்ள பாசத்தில் கேட்டீர்கள், எனக்குக் கோபமில்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன். நடந்ததை முழுவதும் எழுதுகிறேன். அத்தைக்கே பாதிதான் தெரியும்.

கஸ்ஸான் ஜெயிலிலிருந்து ஹோம்ஸில் நம் வீட்டுக்கு வந்த புதிதில் கட்டிலில் படுக்கவே மாட்டார். சமையலறைச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குவார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு குனிந்துவிடுவார். உடம்பெல்லாம் கட்டை போல விறைத்திருக்கும். மாத்திரை கொடுத்தால் வாந்தி எடுத்தார். சிறையிலிருந்து வந்தவர்களுக்கென்று மாதா கோயில் பக்கத்தில் ஒரு சிகிச்சை நிலையம் திறந்திருந்தார்கள். அங்கே ஃபிராஸ் என்ற டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

அவர் நடந்தது எதையுமே கேட்கவில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லி, பாதத்தைத் தரையில் நன்றாக அழுத்தச் சொன்னார். தரை தாங்குவது தெரிகிறதா என்றுதான் கேட்டார். சுவரை இரண்டு கையாலும் தள்ளச் சொன்னார். மூச்சை ரொம்ப மெதுவாக, முனகிக்கொண்டே விடச் சொன்னார். தொடை நடுங்கினால் அடக்காமல் நடுங்க விடச் சொன்னார். பயம் உடம்பில் தங்கிவிட்டதாம், அதை உடம்பு வழியாகத்தான் வெளியே விட வேண்டுமாம். “மூச்சு விடக் கத்துக் குடுக்க ஒரு டாக்டரா? நான் பெத்துப் போட்டப்பவே தெரு முழுக்கக் கேக்கற மாதிரி விட்டவன்தானே இவன்!” என்று அத்தை கேலி செய்தார்கள். அதைக் கேட்டு அவர் சிரித்தார் அக்கா. வந்தபின் சிரித்த முதல் சிரிப்பு அது.

கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினார். கட்டிலில் படுத்தார். தனியாகப் போய் ரொட்டி வாங்கி வந்தார். எதிர்வீட்டுக்காரரோடு உட்கார்ந்து சீட்டாடினார். ஆனால் நான் பேசினால் மட்டும் எல்லாம் போய்விடும். டீ வேண்டுமா என்று கேட்டால்கூடக் கை ஜில்லிட்டு, முகம் வெளுத்துவிடும். அத்தை பேசினால் ஒன்றுமில்லை, பக்கத்து வீட்டுப் பெண்கள் பேசினால் ஒன்றுமில்லை. நான் மட்டும்தான்.

ஒரு நாள் டாக்டர் என்னையும் வரச் சொன்னார். அறையின் ஒரு மூலையில் நான், மறு மூலையில் கஸ்ஸான். அவர் கையை உயர்த்தினால் நான் நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லி, அவர் பெயரை மெதுவாகச் சொல்லச் சொன்னார் டாக்டர். சொன்னேன். அவருக்குக் கையை உயர்த்தக்கூட முடியவில்லை. சுருண்டு விழுந்தார், அங்கேயே சிறுநீர் போய்விட்டது.

அன்றைக்குத்தான் கஸ்ஸான் சொன்னார். ஜெயிலுக்குள்ளே, பக்கத்து அறையில் ஒரு பெண்ணை அலற வைப்பார்களாம். “உன் பொண்டாட்டிதான், கேட்டுக்கோ” என்பார்களாம். அவளும் இவர் பெயரைச் சொல்லி அழுவாளாம். அதை நிறுத்துவதற்காக, செய்யாததையெல்லாம் செய்தேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். அக்கா, அந்த நாட்களில் நான் இங்கே அண்ணன் வீட்டில் கத்தரிக்காய் ஊறுகாய் போட்டுக்கொண்டு பத்திரமாக இருந்தேன். அந்தப் பெண் யாரோ, என்ன ஆனாளோ, அதுவும் தெரியாது.

“அது நீங்க இல்லன்னு அவர் மனசுக்குத் தெரியும்மா. உடம்புக்கு இன்னும் தெரியல. உடம்ப அவசரப்படுத்த முடியாது” என்றார் டாக்டர்.

அதன்பின் நான் வீட்டில் பேசுவதை நிறுத்தினேன். சாப்பிட வாருங்கள் என்பதற்கும் கைஜாடைதான். கொஞ்ச நாள் நன்றாகத்தான் போயிற்று. ஒரு காலை அடுப்பில் கை சுட்டுவிட்டது. கத்தாமல் முக்காட்டுத் துணியை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். அதை அவர் பார்த்துவிட்டார். “உன்ன ஊமையாக்கவா நான் உசுரோட வந்தேன்?” என்று தலையைச் சுவரில் மோதிக்கொண்டார். தேறியதெல்லாம் ஒரே நாளில் போயிற்று. மறுபடி சமையலறைச் சுவர்.

நான் இருந்தாலும் அவருக்கு வேதனை, வாயை மூடிக்கொண்டாலும் வேதனை. அதனால்தான் கிளம்பினேன். அவர் போகச் சொல்லவில்லை. பஸ் நிலையம் வரை வந்தார். ஜன்னலுக்குக் கீழே நின்று, பாதத்தைத் தரையில் அழுத்திக்கொண்டு, மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். எனக்காக அவ்வளவு பாடுபட்டு நின்றார். நான் போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விழுந்திருப்பார்.

என் குரலைப் பதிந்து அனுப்பச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஒரு வார்த்தை போதுமாம். அவர் விரும்பும்போது கேட்டு, விரும்பும்போது நிறுத்திக்கொள்ளலாமாம். வெயில் என்று ஒன்று, புதினா என்று ஒன்று அனுப்பினேன். கேட்டாரா என்று தெரியவில்லை. நான் விசாரிப்பதில்லை.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவரோடு பேசும்போது, ரிஹாப் அங்கே ஓயாமல் பேசுகிறாளாம், அவள் அண்ணி காது வலிக்கிறதென்று திட்டுகிறாளாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். தான் என்னை ஊமையாக்கிவிடவில்லை என்று அவர் நம்ப வேண்டும். அண்ணியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், யார் கேட்டாலும் அப்படியே சொல்லுவாள்.

இறைவன் அவர் உடம்புக்கு நிம்மதியைத் தரட்டும்.

உங்கள் தம்பி மனைவி,
ரிஹாப்